விண்கல்லில் மீக்கடத்தி கண்டுபிடித்தார்களாமே, உண்மையா? சேர்வராயன் மலையில் அப்படிக் கல் கிடைக்குமா?

ஏற்காட்டிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். விண்கல்லில் மீக்கடத்தி, அதாவது மின்தடையே இல்லாத உலோகம் கிடைத்துவிட்டது, இனி கரண்ட் பில்லே வராது என்று வாட்ஸப்பில் சுற்றும் செய்தியைப் பத்தாவது படிக்கும் மகள் காட்டினாளாம். இது உண்மையா, நம் மலையில் அப்படிக் கல் கிடைக்குமா, தேடிப் போகலாமா என்று அம்மாவும் மகளும் சேர்ந்து கேட்கிறார்கள்.

கல் சமாச்சாரம் உண்மை. கரண்ட் பில் சமாச்சாரம் உண்மையில்லை. நான் சேலத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்ஆர்ஐ டெக்னீஷியன். பதினோரு வருஷமாகத் தினமும் காலையில் வேலைக்குப் போனதும் நான் முதலில் பார்ப்பது, ஒரு மீக்கடத்தி ஒழுங்காகக் குளிர்ந்து இருக்கிறதா என்பதைத்தான். அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

எம்ஆர்ஐ அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தால் 'டுச்சுக், டுச்சுக்' என்று ஒரு சத்தம் ராத்திரி பகலாகக் கேட்கும். யாருக்கோ ஸ்கேன் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். ஆள் இல்லாத நேரத்திலும் அது நிற்காது. உள்ளே இருக்கும் ஹீலியம் ஆவியாகிப் போகாமல் குளிரவைக்கும் பாகத்தின் சத்தம் அது. அந்தப் பெரிய வளையத்துக்குள் நியோபியமும் டைட்டானியமும் கலந்த கம்பியைக் கிலோமீட்டர் கணக்கில் சுற்றி, மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்தில் முக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் குளிரில் கம்பியின் மின்தடை சுத்தமாகப் பூஜ்யம். மெஷினை நிறுவும்போது ஒருமுறை ஏற்றிய மின்சாரம், வெளியிலிருந்து எந்த இணைப்பும் இல்லாமல், வருஷக்கணக்காக அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஊரே இருட்டாகிப் போனாலும் காந்தம் காந்தமாகவே இருக்கும். மீக்கடத்தி என்பது இதுதான்.

சரி, விண்கல்லுக்கு வருவோம். 2020-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வாம்ப்ளர், மார்க் தீமென்ஸ், இவான் ஷுல்லர் ஆகியோரின் குழு வெளியிட்ட ஆய்வு அது. பல விண்கற்களை எடுத்துச் சோதித்ததில் இரண்டில் மீக்கடத்தும் துகள்கள் இருந்தன. ஒன்று முண்ட்ரபில்லா. ஆஸ்திரேலியாவின் நல்லர்பார் சமவெளியில் கிடைத்த இரும்பு விண்கல். அதன் முதல் துண்டுகள் 1911-ல் கிடைத்தன. பெரிய கட்டி 1966-ல் அகப்பட்டது, எடை 10 டன்னுக்கும் மேல். இன்னொன்று ஜிஆர்ஏ 95205 என்ற எண் கொண்ட அண்டார்டிகா கல். (பாதரசத்தைக் குளிரவைத்து மீக்கடத்துத்திறனை ஹாலந்தில் காமர்லிங் ஓன்னஸ் முதன்முதலில் பார்த்ததும் அதே 1911-ல்தான். இந்த இரண்டும் ஒரே வருஷம் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.)

துகளில் என்ன இருந்தது? காரீயம், வெள்ளீயம், இண்டியம் கலந்த உலோகக் கலவையாக இருக்கலாம் என்கிறார்கள். வேறு உலகத்து உலோகம் ஏதும் இல்லை. காரீயமும் வெள்ளீயமும் கலந்தால் என்ன? ரேடியோ ரிப்பேர் கடையில் புகைய வைத்து ஒட்டுவார்களே, அந்தச் சாலிடர் ஈயம். வெள்ளீயம் தனியாக வேண்டுமென்றால் எங்கள் வீட்டுச் சமையலறைக்கு வாருங்கள். அம்மா ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம்தான். அதை மைனஸ் 269-க்கும் கொஞ்சம் கீழே கொண்டுபோனால் அதுவும் மீக்கடத்திதான். மைனஸ் 273 டிகிரியைப் பூஜ்யமாக வைத்து எண்ணும் கெல்வின் கணக்கில் சொன்னால் வெள்ளீயத்துக்கு 3.7, காரீயத்துக்கு 7.2. விண்கல் துகள்கள் மாறியது 5 கெல்வினுக்குச் சற்று மேலே. கரண்ட் பில் ஏன் குறையாது என்று இப்போது புரிந்திருக்கும். அந்தக் கல்லை வீட்டில் வைத்தால் அது வெறும் கல். மின்தடை போகவேண்டும் என்றால் எங்கள் மெஷினைப் போல ஹீலியத் தொட்டி கட்டி, ராத்திரி பகலாக 'டுச்சுக் டுச்சுக்' ஓட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சேலத்துக்காரன் என்பதால். நான் பிறந்து வளர்ந்தது கொலுசுப் பட்டறை வைத்திருந்த வீட்டில். சாதாரண வெப்பநிலையில் மின்சாரத்தை எல்லா உலோகத்தையும்விட நன்றாகக் கடத்துவது வெள்ளிதான். ஆனால் எவ்வளவு குளிரவைத்துப் பார்த்தும் வெள்ளி மீக்கடத்தியாக மாறியதில்லை. தங்கமும் அப்படித்தான், செம்பும் அப்படித்தான். ரசச் சொம்புக்கு இருக்கிற குணம் கொலுசுக்கு இல்லை! படிக்கும் காலத்தில் இதைத் தெரிந்துகொண்ட அன்று அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அவர் கையிலிருந்த கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா விசாரிச்சியா?" என்றார்.

பட்டறை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று வருகிறது. இந்த ஆய்வில் என் மனதைப் பிடித்தது கண்டுபிடித்த பொருளைவிடக் கண்டுபிடித்த விதம். எங்கள் பட்டறையில் சாயங்காலம் தரையைக் கூட்டினால் அந்தக் குப்பையைத் தெருவில் கொட்டமாட்டோம். சேர்த்து வைப்போம். அராவும்போது சிதறிய வெள்ளி அதில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். மொத்தக் குப்பையையும் எரித்து, அரித்து, கழுவி, கடைசியில் ஒரு சின்ன உருண்டை வெள்ளி எடுப்பார்கள். விண்கல்லிலும் கதை அதேதான். கல்லில் நூறு விதமான பொருள் கலந்து கிடக்கிறது, மீக்கடத்தி இருந்தாலும் தூசியளவுதான் இருக்கும். சாதாரணமாக மின்தடை அளக்கும் முறையில் அது அகப்படவே அகப்படாது. அதனால் நுண்ணலையை (மைக்ரோவேவ்) பாய்ச்சி, காந்தப்புலத்தை ஏற்றி இறக்கி, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரவைத்துப் பார்த்தார்கள். எந்த வெப்பநிலையில் மீக்கடத்தி தலைகாட்டுகிறதோ அங்கே நுண்ணலையை உறிஞ்சும் அளவு சட்டென்று மாறும். அந்த மாற்றம் தெரிந்த துண்டை இரண்டாக்கி மறுபடி அளந்தார்கள். எந்தப் பாதியில் மாற்றம் பலமாக இருக்கிறதோ அதை மறுபடி பிரித்தார்கள். இப்படியே போய்த் துகளைத் தனியாக எடுத்து, பிறகுதான் எக்ஸ்-கதிர் வைத்து அதில் என்ன தனிமம் இருக்கிறது என்று பார்த்தார்கள். எத்தனை பொறுமை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் மகளிடம் இந்தப் பகுதியை மட்டுமாவது படித்துக் காட்டுங்கள்.

இதனால் என்ன பயன் என்று கேட்டால், வானத்தில்தான் பயன். பூமியில் 5 கெல்வினுக்கு நாங்கள் பாடுபடுகிறோம். நட்சத்திரங்களுக்கு நடுவே, வெளிச்சம் படாத இடங்களில், அந்தக் குளிர் சும்மா கிடைக்கும். விண்வெளியின் அடிப்படை வெப்பநிலையே 2.7 கெல்வின். அப்படியானால் இந்த மாதிரித் துகள்கள் அங்கே எந்த மெஷினும் இல்லாமல் தானாகவே மீக்கடத்தியாக மிதந்துகொண்டிருக்கலாம். அவற்றில் மின்சாரம் சுற்றினால் காந்தப்புலம் உண்டாகும். தூசி சேர்ந்து நட்சத்திரமும் கோளும் உருவாகும் விதத்தில் அதற்கு ஒரு பங்கு இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், இது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் முதல் ஆதாரம் கையில் வந்துவிட்டது, அதுவே பெரிய விஷயம்.

விண்கல்லில் போய் ஏன் தேடினார்கள் என்றால், அது நம்மால் கட்ட முடியாத உலை. டெட்ராடேனைட் என்று ஒரு இரும்பு-நிக்கல் கனிமம் விண்கற்களில் இருக்கிறது, நல்ல பலமான காந்தப்பொருள். அதில் அணுக்கள் வரிசையாக அடுக்கிக்கொள்ள அந்தக் கல் லட்சக்கணக்கான வருஷம் மெதுவாக ஆறியிருக்க வேண்டும். அவ்வளவு காலம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார நமக்கு ஆயுசு ஏது?

வாட்ஸப் செய்திக்காக மகளைக் கடிந்துகொள்ளாதீர்கள். 2023 ஜூலையில் கொரியாவிலிருந்து எல்கே-99 என்று ஒரு பொருள் வந்தது. சாதாரண அறை வெப்பத்திலேயே மீக்கடத்தி என்றார்கள். நான் ராத்திரி தூங்கவில்லை. அது நிஜமாக இருந்தால் எங்கள் மெஷினுக்கு ஹீலியமே வேண்டாம், ஸ்கேன் செலவு குறையும், தாலுகா ஆஸ்பத்திரியிலும் எம்ஆர்ஐ வைக்கலாம். சில வாரங்களில் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்கள் அதைச் செய்து பார்த்து, அது மீக்கடத்தி இல்லை, அதில் கலந்திருந்த காப்பர் சல்பைடுதான் அப்படிக் காட்டியது என்று சொல்லிவிட்டன. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சில வாரங்களில் எங்கள் சென்டர் வாசலில் டீ குடிக்க வந்தவர்கள்கூட மின்தடை என்றால் என்ன என்று என்னிடம் கேட்டார்கள்.

அதற்கடுத்த மாதம் 23-ஆம் தேதி சாயங்காலம் சந்திரயான்-3 இறங்கியது. காத்திருப்பவர்களுக்கான ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு உள்ளே ஒருவருக்கு முதுகுத்தண்டு ஸ்கேன். 6 மணி 4 நிமிஷத்துக்கு வெளியே எழுந்த கைதட்டல் கதவைத் தாண்டிக் கேட்டது. ஸ்கேன் முடிந்து மேசையை வெளியே இழுத்ததும், காதிலிருந்து பஞ்சை எடுப்பதற்கு முன்னாலேயே அந்தப் பெரியவர் கேட்டது, "எறங்கிடுச்சா தம்பி?"

இனி உங்கள் மலைக்கு வருகிறேன். கஞ்சமலைப் பக்கத்திலிருந்து ஒருவர், மனைவிக்கு இடுப்புவலி என்று ஸ்கேனுக்கு அழைத்து வந்தார். கையில் மஞ்சப்பை. பைக்குள் துண்டில் சுற்றிய ஒரு கறுப்புக் கல், தேங்காய் அளவு, தூக்கினால் நல்ல கனம். "காட்டுல உழும்போது கெடச்சுது தம்பி. வானத்துக் கல்லுன்னு சொல்றாங்க. உங்க மெஷின்ல வச்சுப் பாத்துச் சொல்லுங்களேன்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தக் கல் காந்த அறைக்குள் போயிருந்தால் பையோடு பறந்திருக்கும், நடுவில் யார் இருந்தாலும் அவ்வளவுதான். முதலில் அதை வாசலுக்கு வெளியே வைக்கச் சொன்னேன்.

அந்த அம்மாவுக்கு ஸ்கேன் முடிந்ததும் நானும் அவரும் வாசல் படியில் உட்கார்ந்தோம். ஈரத்துணியால் துடைத்தால் கறுப்புக்கு நடுவே வெள்ளை வரிகள் தெரிந்தன. குவார்ட்ஸ். விண்கல்லில் அப்படி வரிவரியாகக் குவார்ட்ஸ் இருக்காது. பிறகு கட்டட வேலையில் மிஞ்சிய ஒரு டைல்ஸைக் கவிழ்த்து, பளபளப்பு இல்லாத பின்பக்கத்தில் கல்லை அழுத்தி இழுத்தேன். பென்சில் கோடு போலக் கறுப்பாக விழுந்தது. மாக்னடைட், கஞ்சமலையின் இரும்புக் கல். அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கோட்டையே பார்த்தவர், "அப்ப இது நம்ம மலைக் கல்லுதான்" என்று திரும்பத் துண்டில் சுற்றிக்கொண்டார். சேலம் பக்கத்தில் காந்தத்தில் ஒட்டுகிற கறுப்புக் கல் கிடைத்தால் பெரும்பாலும் இதுதான். நுரை நுரையாக ஓட்டை இருந்தால் பழைய இரும்பு உலைகளின் கழிவான கிட்டம். ஏற்காட்டுப் பக்கம் என்றால் கறுப்பாகக் கனமாக இருப்பது பெரும்பாலும் சார்னோக்கைட் பாறை, சிவப்பு மண் கட்டி பாக்சைட்.

ஆனாலும் தேடிப் போங்கள். விண்கல் எங்கே வேண்டுமானாலும் விழும், மலைக்கு மட்டும் விழாது என்றில்லை. மேல் தோல் உருகி இறுகியதுபோல மெல்லிய கறுப்பு ஓடு, கட்டை விரலால் மாவில் அழுத்தியது போலக் குழிகள், டைல்ஸில் கோடு விழாமை, அளவுக்கு மீறிய கனம், இவை எல்லாம் சேர்ந்து இருந்தால் விஷயம் இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பலமான காந்தத்தை அதில் ஒட்டிப் பார்க்காதீர்கள். கோடிக்கணக்கான வருஷமாக அந்தக் கல் தனக்குள் வைத்திருக்கும் காந்தத் தடயம் அந்த ஒரு நொடியில் அழிந்துவிடும். எடுத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, கல்லைக் கழுவாமல் உலர்ந்த காகிதத்தில் சுற்றி, இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்குத் தெரியப்படுத்துங்கள். இந்தியாவில் விழும் விண்கற்களைப் பாதுகாப்பது அவர்கள்தான்.

விண்கல் அகப்படாவிட்டாலும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிக்குப் போய் வாருங்கள். அங்கே வெளிறிய நிறத்தில் கிடக்கும் பாறை அனார்த்தசைட். நிலவின் மேட்டு நிலத்தில் இருப்பதும் அதே வகைப் பாறைதான். சந்திரயானின் லேண்டரையும் ரோவரையும் சோதித்துப் பார்க்க இஸ்ரோ நிலவு மண் செய்தது அந்த ஊர்ப் பாறையையும் குன்னமலைப் பாறையையும் பொடித்துத்தான். அதில் நம் சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையும் உதவியது. பக்கத்திலேயே இருக்கிறது, காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடலாம். கவிழ்த்துப் போட ஒரு டைல்ஸ் துண்டு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.