ஆட்டோ நுழையாத சந்து

கேள்வி: எங்கள் வீடு கோட்டாறில் ஆட்டோகூட நுழையாத சந்தில் இருக்கிறது. அம்மாவுக்கு 74 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. முழங்கால் வலியில் படி இறங்க முடியவில்லை. ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரிக்கு ஒவ்வொரு தடவையும் தூக்கிக்கொண்டு போகவா?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: மாத்திரைக்காக மட்டும் என்றால் வேண்டாம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் உங்கள் அம்மா மாதிரி ஆட்களுக்குத்தான். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருவார்கள். முழங்காலுக்கு இயன்முறைப் பயிற்சியும் உண்டு, அதையும் கேளுங்கள். பழைய சீட்டுகளோடு நீங்கள் மட்டும் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பெயரைப் பதியுங்கள். விவரம் கேட்க 104-ஐக் கூப்பிடலாம்.

நான் நர்ஸாக இருந்தபோது வீடு வீடாகப் போனவள். ஒரு பாட்டி மாத்திரைகளை எல்லாம் பிரித்து ஒரே மிட்டாய் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். எது சர்க்கரைக்கு, எது பிரஷருக்கு? அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியவில்லை! அட்டையோடு வையுங்கள். அட்டையை வெட்டும்போது காலாவதித் தேதி இருக்கும் பக்கத்தை வெட்டாமல் வையுங்கள்.

பிரஷர் பார்க்க வருகிறவரைக் கண்டதும் காப்பி போட அம்மா எழுந்து ஓடக்கூடாது. ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்காரட்டும், பாதம் தரையில் படட்டும். அப்புறம் பாருங்கள். சர்க்கரைக்காரர் ஆயிற்றே, உள்ளங்காலையும் தினம் பாருங்கள்.

நெஞ்சுவலி, வாய் கோணல் என்றால் யாருக்கும் காத்திருக்காமல் 108. சந்து முனையில் ஆள் நிறுத்துங்கள்.