ஸ்டீல் டிராவல் குவளைக்கு மரத்துண்டுகளை ஒட்டிக் கடைந்து உறை செய்தால், விரிசல் விடாமல் நிற்குமா?

நிற்கும். எங்கள் மாப்பிள்ளை, தங்கை வீட்டுக்காரர், தினமும் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயிலில் போகிறவர். அவர் காபிக் குவளைக்கு நான் கடைந்து போட்ட உறை மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் செய்தது நிற்கவில்லை.

அது ஒரே கட்டை, பூவரசு. கார்த்திகை அடைமழையில் கடைந்து, குவளைமேல் இறுக்கமாக ஏற்றி எபாக்ஸி போட்டு ஒட்டினேன். பங்குனியில் ஒரு மத்தியானம், அலமாரியில் சும்மா இருந்தது, 'டப்' என்று சத்தம். எடுத்துப் பார்த்தால் வாயிலிருந்து அடிவரை ஒரே கோடு. பஸ் டிக்கெட்டைச் செருகலாம், அவ்வளவு இடைவெளி.

ஐப்பசியில் கொல்லைக் கதவு பிடித்துக்கொள்வதும் சித்திரையில் தளர்ந்துவிடுவதும் எதனாலோ, இதுவும் அதனால்தான். மரம் நார் ஓடும் நீளவாக்கில் அனேகமாக அசையாது. குறுக்கே உப்பும், சுருங்கும். கட்டையை நிற்கவைத்துக் கடைந்தால் சுற்றளவு முழுக்கக் குறுக்குவாட்டம். வெயிலில் மரம் சுருங்குகிறது, உள்ளே ஸ்டீல் இடம் கொடுக்கவில்லை. பிளக்காமல் என்ன செய்யும்?

துண்டு ஒட்டுவதன் அழகே இதில்தான் இருக்கிறது. சின்னத் துண்டுகளை வளையமாகச் சேர்க்கும்போது ஒவ்வொன்றிலும் நார் சுற்றுவாட்டத்தில் ஓடும்படி வைக்கிறோம். அதனால் விட்டம் பெரிதாக மாறாது. தஞ்சாவூர் வீணையில் ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்கு உள்ள மதிப்பைப் பார்த்து, ஒட்டு என்றால் மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். குவளைக்கு ஒட்டுதான் உசத்தி.

என் கணக்கு இது. குவளையின் விட்டம் 7.2 செ.மீ. வளையத்துக்கு 12 துண்டு, ஒவ்வொரு முனையும் 15 டிகிரி. வளையத்தின் வெளிவிட்டம் 9.2 வைத்தேன், அதை 0.268-ஆல் (15 டிகிரியின் tan) பெருக்கினால் ஒரு துண்டின் வெளிநீளம், சுமார் 2.5 செ.மீ. துண்டு அறுக்கிற சட்டத்தின் அகலம் (வளையச் சுவர்) 1.2, கனம் (வளைய உயரம்) 1.8 செ.மீ. ஏழு வளையம், 84 துண்டு. பலாவும் பூவரசும் மாற்றி மாற்றி. பலா புதிதில் மஞ்சளாக இருக்கும், வெளிச்சம் பட்டுப் பழுப்பாகிவிடும். இரண்டு நிறமும் எப்போதும் இப்படியே எடுப்பாக இருக்கும் என்று எண்ணாதீர்கள்.

கோணத்தில் கால் டிகிரி தப்பினாலும் 12 துண்டிலும் சேர்ந்து கடைசி மூட்டு வாயைப் பிளக்கும். அதனால் முழு வளையத்தை ஒரே தடவையில் ஒட்டாதீர்கள். ஆறு ஆறாக இரண்டு அரைவட்டம் ஒட்டுங்கள். சமமான கிரானைட் துண்டின்மேல் உப்புத்தாளை ஒட்டி, அரைவட்டத்தின் இரண்டு முனையையும் சேர்த்துவைத்துத் தேயுங்கள். இரண்டையும் பொருத்தி விளக்குக்கு எதிரே பிடித்தால் மூட்டு வழியே வெளிச்சம் வரக்கூடாது. பிறகு ஒட்டி, பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றுங்கள். எந்தக் கிளாம்பும் அந்தப் பிடி பிடிக்காது. வளையங்களை அடுக்கும்போது கொத்தனார் செங்கல் வைக்கிற மாதிரி, மூட்டுமேல் மூட்டு வராமல் தள்ளி வையுங்கள்.

கடைசல் பட்டறையில் முதலில் மெதுவான சுற்று, தீட்டிய உளி, மூக்குக்கு மாஸ்க். உள்விட்டம் 7.3 வரும்வரை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்துகொண்டே இருங்கள். குவளை அடியில் குறுகலாக இருந்தால் உள்பக்கமும் அதே சரிவில் இறங்க வேண்டும். சுவர் கனம் ஆறேழு மில்லிமீட்டர் போதும்.

குவளைக்கும் உறைக்கும் நடுவே சுற்றிலும் வருகிற அரை மில்லிமீட்டர் இடைவெளியை எபாக்ஸியால் நிரப்பாதீர்கள். சிலிக்கோன் பசை போடுங்கள், அது இழுபடும், மரத்தோடு கூடவே அசையும். இரட்டைச் சுவர்க் குவளையாகப் பார்த்து வாங்குங்கள். ஒற்றைச் சுவர் என்றால் வெளியே சூடேறும், துண்டுகளை ஒட்டிய வெள்ளைப் பசை இளகிவிடும்.

பூச்சுக்கு அரக்கு வேண்டாம், சூடும் ஈரமும் பட்டால் வெளுத்துப்போகும். பி.யு. (பாலியூரித்தேன்) வார்னிஷ் போதும். குவளையில் ஏற்றுவதற்கு முன்பே உள்பக்கமும் இரண்டு கை அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் அந்த வழியாக ஏறும். தங்கையிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: மற்ற பாத்திரத்தோடு தொட்டித் தண்ணீரில் ஊறப் போடாதே, கழுவினதும் துடைத்துக் கவிழ்த்து வை.