ஊர் விழாவுல ஐரோப்பா ஆதரவு ஸ்டால் போடப்போறீங்களா?

கேள்வி: இங்கிலாந்துல எங்க ஊர் கோடை விழாவுல ஐரோப்பிய யூனியனுக்கு ஆதரவா நாலு பேர் சேர்ந்து ஸ்டால் போடுறோம். ஆளுங்கள எப்படி நிக்க வைக்கிறது? பிரெக்ஸிட்டுக்கு, அதாவது பிரிட்டன் ஐரோப்பிய யூனியன விட்டு வெளியேறுறதுக்கு, ஓட்டு போட்டவங்க சண்டைக்கு வந்தா என்ன பண்றது?

பதில்: முதல்ல விழா கமிட்டிகிட்ட எழுத்துல அனுமதி வாங்கிடுங்க. சில கமிட்டி அரசியல் ஸ்டாலே வேணாம்னு சொல்லிடுவாங்க, அதனால நீங்க எந்தக் கட்சியும் இல்லன்னா அதத் தெளிவா எழுதிக் கொடுங்க. பொதுப் பொறுப்பு இன்சூரன்ஸும் (ஸ்டாலால யாருக்காவது அடிபட்டா ஈடு குடுக்குறது) கேப்பாங்க.

ஆள் நிக்கணும்னா நோட்டீஸ் நீட்டாதீங்க, ஸ்டிக்கர் நீட்டுங்க. பெரிய போர்டுல "பிரெக்ஸிட்டால உங்களுக்கு நல்லது நடந்துச்சா?", "திரும்பச் சேரலாமா?"ன்னு நாலஞ்சு கேள்வி, பக்கத்துல ஆமா, இல்ல, தெரியலன்னு கட்டம், அவ்வளவுதான். இதுக்கு பிரெக்ஸிட்டோமீட்டர்னே பேரு, பல ஊர்ல வைக்கிறாங்க. வட்ட ஸ்டிக்கர கையில வாங்கினவங்க ஒட்டாமப் போக மாட்டாங்க, ஒட்டும்போதே ஏன்னு அவங்களே சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. போர்ட மேசைக்கு முன்னாடி வைங்க, நீங்களும் நாற்காலியில உக்காராம வெளிய வந்து நில்லுங்க. பசங்களும் ஒட்ட வருவாங்க, அவங்களுக்கு ஐரோப்பிய யூனியனோட 12 நட்சத்திரக் கொடிய கலர் பண்ணத் தனி பேப்பர் குடுத்துடுங்க.

சண்டை விஷயத்துக்கு வரேன். 2016 வாக்கெடுப்புல 51.9 சதவீதம், அதாவது 1 கோடியே 74 லட்சம் பேர் வெளியேறணும்னு ஓட்டு போட்டாங்க, அவங்கள ஏமாந்தவங்கன்னு சொல்லிட்டா பேச்சு அங்கயே முடிஞ்சுது. "என்ன எதிர்பார்த்தீங்க, அது கிடைச்சுதா?"ன்னு கேட்டுட்டு நிஜமாவே காது குடுத்துக் கேளுங்க, அப்புறம் இப்ப பிரிட்டிஷ்காரங்க விசா இல்லாம 180 நாள்ல 90 நாள் மட்டும்தான் ஷெங்கன் நாடுகள்ல (எல்லைச் சோதனை இல்லாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு போய்வர்ற ஐரோப்பிய நாடுகள்) தங்க முடியுங்கிற மாதிரி அவங்க வாழ்க்கையத் தொடுற ஒண்ணச் சொல்லுங்க, சுங்க ஒன்றியம் (உறுப்பு நாடுகளுக்குள்ள சுங்க வரி இல்லாத ஏற்பாடு) பத்தி லெக்சர் வேணாம். கத்துறவங்ககிட்ட நன்றி சொல்லி விலகிடுங்க. ஒருத்தர்கூட மல்லுக்கட்டுற நேரத்துல கேக்கத் தயாரா இருந்த நாலு பேர் தாண்டிப் போயிடுவாங்க.

இமெயில் வாங்குறீங்கன்னா ஆளுக்கொரு சீட்டு குடுங்க, எதுக்கு வாங்குறோம்னு அதுலயே எழுதி, சம்மதக் கட்டத்த அவங்க கையாலயே டிக் பண்ண வைங்க. ஒரே தாள்ல வரிசையா எழுத வச்சா அடுத்தவர் விவரத்த எல்லாரும் படிப்பாங்க, தகவல் பாதுகாப்புச் சட்டத்துல அது வம்பு.

சாயங்காலம் போர்ட போட்டோ எடுத்துப் போடலாம், ஆனா "எங்க ஊர் கருத்து இதுதான்"னு மட்டும் போட்டுடாதீங்க, ஐரோப்பா பிடிச்சவங்கதான் உங்க ஸ்டாலுக்கு அதிகமா வந்திருப்பாங்க.