தலையில் அடிபட்ட வீரர் மயங்கவில்லை, ஸ்கேனும் நார்மல். அடிபட்ட மூன்றாம் நாள் நடக்கும் ஆட்டத்தில் இறக்கலாமா?

இறக்காதீர்கள். மயங்கவில்லை, ஸ்கேன் நார்மல் என்ற இரண்டையும் வைத்து கன்கஷன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. விளையாட்டில் வரும் கன்கஷன்களில் பத்தில் ஒன்றில்கூட நினைவு தப்புவதில்லை. ஸ்கேன் எடுப்பது மண்டையோட்டில் விரிசலோ, உள்ளே ரத்தக்கசிவோ இருக்கிறதா என்று பார்க்கத்தான். கன்கஷன் என்பது மூளை உலுக்கப்பட்டு அதன் வேலை தடுமாறுவது. அது சாதாரண ஸ்கேன் படத்தில் விழாது.

நான் அணிகளோடு ஃபிசியோவாக இருப்பவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே தவறை நானும் செய்திருக்கிறேன். கால்பந்து ஆட்டம். கார்னரில் வந்த பந்துக்கு எம்பியபோது இரண்டு பேர் தலை மோதிக்கொண்டது. எங்கள் பையன் சட்டென்று எழுந்துவிட்டான். "ஒண்ணுமில்ல சார், நல்லாத்தான் இருக்கேன்" என்றான். பெயர் கேட்டேன், சொன்னான். எத்தனை விரல் என்று காட்டினேன், சரியாகச் சொன்னான். சரி, போ என்று அனுப்பிவிட்டேன். ஆட்டம் முடிந்து ஷூவைக் கழற்ற உட்கார்ந்தவன், முடிச்சை அவிழ்ப்பதும் மறுபடி கட்டுவதுமாக இருந்தான். "சார், ஸ்கோர் என்ன?" என்றான். சொன்னேன். திரும்பவும் லேஸைக் கட்டினான். "சார், ஸ்கோர் என்ன?" மூன்றாவது முறை கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. எங்கள் ஒரே கோலைப் போட்டவனே அவன்தான்.

மண்டை குழம்பியவனுக்கும் தன் பெயர் மறப்பதில்லை. அதனால் பெயரும் விரலும் கேட்டுப் பயனில்லை. இப்போது எந்த மைதானத்தில் இருக்கிறோம், முதல் பாதியா இரண்டாவதா, கடைசி கோல் யார் போட்டது, போன ஆட்டம் யாரோடு, அதில் ஜெயித்தோமா என்று கேளுங்கள். மேடக்ஸ் கேள்விகள் என்று இவற்றைச் சொல்வோம். சற்று முன் நடந்தது மனதில் பதிந்திருக்கிறதா என்று இவை காட்டிக்கொடுத்துவிடும். 2014 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர், அடிபட்ட பிறகும் கிட்டத்தட்ட கால் மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தார். நடுவரிடம் போய், இது இறுதி ஆட்டம்தானா என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

இன்னொன்று. இந்தக் கேள்விகளில் தடுமாறினால் கட்டாயம் வெளியே. தடுமாறவில்லை என்பதால் மட்டும் உள்ளே அனுப்பிவிட முடியாது. 2019 லார்ட்ஸ் டெஸ்டில் ஆர்ச்சரின் பவுன்சர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. அப்போது 80 ரன்னில் இருந்தவர், சோதனைகளில் தேறி, திரும்ப வந்து பேட் பிடித்து 92 வரை போனார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும் வந்தது. அவருக்குப் பதிலாக லபுஷேன் இறங்கினார், ஸ்மித் அடுத்த டெஸ்டிலும் ஆடவில்லை. கூடவே மருத்துவக் குழுவே இருந்தவருக்கே அப்படி. சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் முடிந்தது என்று நான் வைத்திருப்பது இதனால்தான்.

மைதான ஓரத்தில் இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலையும் இல்லை இது. ஸ்காட் 6 என்ற முறைப்படி, பயிற்சி பெற்ற மருத்துவரோ ஃபிசியோவோ அமைதியான அறையில் சோதிக்கக் குறைந்தது பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். 22 அறிகுறிகளுக்கு 0 முதல் 6 வரை மதிப்பெண், பத்து வார்த்தைகளைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது, மாதங்களைப் பின்னிருந்து சொல்வது, ஒற்றைக்காலில் நிற்பது என்று போகும். (பிறகு ஒப்பிட்டுப் பார்க்க சீசன் தொடக்கத்தில் எடுக்கும் இதே சோதனையில் வேண்டுமென்றே சொதப்புகிற கில்லாடிகளும் உண்டு. அடிபட்டால் வித்தியாசம் தெரியக்கூடாதாம்!)

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, இரட்டைப் பார்வை, கை கால் மரத்துப்போவது, சுயநினைவு மங்குவது, இதில் எது இருந்தாலும் நேரே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கழுத்து வலிக்கிறது என்றால் பயிற்சி பெற்றவர் வரும்வரை அசைக்காதீர்கள், ஹெல்மெட்டையும் கழற்றாதீர்கள்.

அப்புறம், இருட்டறையில் நாள்கணக்கில் படுக்கவைக்கும் வழக்கம் இப்போது இல்லை. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, செல்போன், டிவி குறைவாக. வீட்டுக்குள் நடமாடலாம். அதன்பின் படிப்படியாக நடை, சைக்கிள், கொஞ்சம் வேகமான ஓட்டம், தனியாகப் பயிற்சி. இந்தக் கட்டத்தில் தலைவலி லேசாக எட்டிப் பார்த்தால் பரவாயில்லை, அதிகமானால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் தொடர வேண்டும். ஒரு படிக்கு ஒரு நாளாவது வேண்டும். அறிகுறி முழுவதும் போன பிறகுதான் அணியோடு மோதல் இல்லாத கடினப் பயிற்சி. மருத்துவர் சரி என்ற பிறகு மோதல் உள்ள பயிற்சி, கடைசியில் ஆட்டம். மாத்திரை போட்டு அடக்கிய தலைவலி போன தலைவலி ஆகாது. பள்ளிப் பையன் என்றால், முழு நாள் வகுப்பில் தலைவலி இல்லாமல் உட்கார முடிந்த பிறகே மைதானத்தைப் பற்றிப் பேச்சு. சின்ன வயதினருக்குத் தேற நான்கு வாரம்கூட ஆகலாம். முதல் அடி ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்து மூளை வீங்கி உயிர் போன சம்பவங்கள் அரிதுதான், ஆனால் அவை பெரும்பாலும் இளவயதினருக்கே நடந்திருக்கின்றன.

மூன்றாம் நாள் முக்கியமான ஆட்டம் என்று எழுதியிருந்தீர்கள். மேலே சொன்ன படிகளை நீங்களே எண்ணிப் பாருங்கள், எப்படிச் சுருக்கினாலும் ஒரு வாரத்துக்குள் அடங்காது. அன்றைக்கு அவரை பெஞ்சில் உட்காரவைப்பதாக இருந்தால் ஜெர்சி இல்லாமல் உட்காரவையுங்கள். ஜெர்சியோடு இருந்தால், கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு கோல் பின்தங்கியிருக்கும்போது, உங்களுக்கே கை துறுதுறுக்கும்.