வாலஸும் வாக்குச்சீட்டும்

கேள்வி: கறுப்பினத்தவரான ஒபாமாவையே இரண்டு முறை அதிபராக்கிய அமெரிக்காவில், தேர்தலுக்குத் தேர்தல் பழைய கொடுமைகளைக் கிளறுவது இன நல்லிணக்கத்துக்குத் தடையல்லவா?

பதில்: இல்லை. தாங்கள் பழையது என்று சொல்லும் கணக்கு இன்னும் தீரவில்லை. தென்மாநிலமான அலபாமாவில், லௌண்டஸ் கவுன்ட்டி (மாவட்டம் போன்ற பகுதி) மக்களில் பத்தில் எட்டுப் பேர் கறுப்பினத்தவர். 1965 தொடங்கியபோது அவர்களில் ஒருவர் பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. இனப் பிரிவினை என்றென்றும் நீடிக்கும் என்று பதவியேற்பு மேடையிலேயே முழங்கிய ஜார்ஜ் வாலஸ் அப்போது அந்த மாநிலத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநர். அந்த ஆண்டு மார்ச் 7 அன்று, ஓட்டுரிமை கேட்டு, அதே மாநிலத்தின் செல்மா நகரப் பாலத்தைக் கடந்தவர்களை மாநிலக் காவலர்கள் தாக்கியதில், போராட்டத் தலைவர்களில் ஒருவரான 25 வயது ஜான் லூயிஸின் மண்டை உடைந்தது. ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது.

கறுப்பின மக்கள் பெருந்திரளாக ஓட்டுப் போடத் தொடங்கிய பிறகுதான் வாலஸ் மன்னிப்புக் கேட்டார். 1982இல் அவர்களில் கணிசமானோரின் ஆதரவோடு மீண்டும் ஆளுநரானார். 1995இல், செல்மா நடைப்பயணத்தின் 30ஆம் ஆண்டு நினைவாக மாநிலத் தலைநகர் மான்ட்கோமரிக்கு நடந்து வந்தவர்களை, துப்பாக்கிச் சூட்டில் கால்கள் செயலிழந்திருந்த வாலஸ் சக்கர நாற்காலியில் வந்து வரவேற்றார். பேச முடியாத அவருக்காக வேறொருவர் உரையை வாசிக்க, 1965இல் அவரை எதிர்த்துப் போராடிய பாதிரியார் ஜோசப் லோவரி அவருக்கு நன்றி சொன்னார். வாலஸின் மனத்தை மாற்றியது மனசாட்சியா, ஓட்டா என்ற வாதம் ஓயவில்லை. இரண்டும்தான் என்பது என் எண்ணம். ஆனால், ஓட்டில்லாத மக்களிடம் அவர் மன்னிப்புக் கேட்டு வந்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

ஒபாமாவும் மறக்கச் சொல்லவில்லை. தம் பாதிரியார் ஜெரமையா ரைட்டின் பேச்சு சர்ச்சையானபோது, 2008 மார்ச்சில் பிலடெல்பியாவில் அந்தப் பேச்சைக் கண்டித்த அவர், அதன் பின்னாலிருந்த கோபத்தின் வரலாற்றையும், வெள்ளைத் தொழிலாளர்களின் மனக்குமுறலையும் ஒரே உரையில் எடுத்துச் சொன்னார்.

அவர் அதிபராக இருந்தபோதே, 2013இல், அதே அலபாமாவின் ஷெல்பி கவுன்ட்டி தொடுத்த வழக்கில், நாடு மாறிவிட்டது என்று கூறிய உச்ச நீதிமன்றம், தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் அனுமதியைப் பெற வேண்டிய மாநிலங்கள் எவை என்று வரையறுத்த, வாக்குரிமைச் சட்டத்தின் பிரிவை 5-4 என்ற கணக்கில் செல்லாததாக்கியது. அதுவரை தடுத்து வைக்கப்பட்டிருந்த வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை அமல்படுத்தப்போவதாக டெக்சாஸ் அன்றைக்கே அறிவித்தது. அந்தப் பாதுகாப்பை மீட்கும் மசோதாவுக்கு, 2020இல் மறைந்த ஜான் லூயிஸின் பெயரையே சூட்டியும், செனட் அதை நிறைவேற்றவில்லை.