திறப்பு ஒன்றுதான் கையில் இருக்கிறது

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஏழு, கார்க் களவு பற்றியவை. மூன்றை எடுத்திருக்கிறேன். முதலாவதற்கு நீளமாகவே எழுதப் போகிறேன். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் காப்புறுதி முகவர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தவள் நான். அந்தத் தங்கச்சி கேட்டிருப்பதை என் மேசைக்கு முன்னால் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். சிலர் கேட்காமலே தவறான முடிவை எடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

கேள்வி: அக்கா, எங்கள் ரொயோட்டா ஹைலாண்டர் களவு போய் இன்றைக்கு ஒன்பது நாள். இரவு பதினொன்றரைக்கு இவர் வேலையால் வந்து டிரைவ்வேயில் விட்டவர். விடிய ஆறு மணிக்கு மாமியை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வெளியே வந்தால் கார் இல்லை. பின் சீற்றுக்குக் கீழே, இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் ஏர்டேக் ஒன்று வைத்திருந்தோம். அது ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடியின் தரிப்பிடத்தைக் காட்டியது. இவர் தம்பியையும் கூட்டிக்கொண்டு போய் எடுத்துவருவோம் என்று வெளிக்கிட்டார். நான் கதவடியில் நின்று மறித்துவிட்டேன். இரண்டாம் நாள் கிங்ஸ்டன் பக்கம் காட்டியது. பிறகு ஒன்றுமே இல்லை. இப்போது, "நீதான் காரைப் போகவிட்டனீ" என்கிறார். காப்புறுதிக்காரர் காரின் இரண்டு திறப்பையும் கேட்கிறார்கள். எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. மற்றது போன கோடையில் வசாகா கடற்கரையில் தொலைந்துபோனது. "கள்ளர் வீட்டுக்குள் வந்து எடுத்தவங்கள் எண்டு சொல்லு, பிரச்சினை முடிஞ்சுது" என்கிறார் அத்தான். பதினைந்தாம் திகதி வங்கிக் கடன் தவணை வருகிறது. இல்லாத காருக்கு ஏன் காசு கட்ட வேண்டும்?
– ஒரு சகோதரி, ஏஜாக்ஸ்

பதில்: தங்கச்சி, முதல் பகுதியை உங்கள் கணவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

தம்பி, உங்கள் மனைவி காரைப் போகவிடவில்லை. உங்களைப் போகவிடாமல் வைத்திருக்கிறார். களவெடுத்த காரை நேரே துறைமுகத்துக்குக் கொண்டுபோக மாட்டார்கள். அடுக்குமாடித் தரிப்பிடத்திலோ ஆஸ்பத்திரித் தரிப்பிடத்திலோ ஒரு நாள், இரண்டு நாள் சும்மா விட்டுவைப்பார்கள். உள்ளே பின்தொடரும் கருவி இருக்கிறதா, தேடி யாராவது வருகிறார்களா என்று பார்ப்பதற்குத்தான் அது. நீங்களும் தம்பியும் போயிருந்தால், அவர்கள் காத்திருந்தது உங்களைத்தான். கையில் என்ன வைத்திருந்திருப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பொலிஸார் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான்: இடத்தைச் சொல்லுங்கள், நீங்கள் போகாதீர்கள்.

உங்கள் கார் போன பாதையும் புதிதல்ல. கிங்ஸ்டன் 401 நெடுஞ்சாலையில், மொன்றியலுக்குப் போகும் வழியில் இருக்கிறது. மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலனில் ஏற்றினால் மேற்கு ஆபிரிக்கா, மத்திய கிழக்கு. இரும்புப் பெட்டிக்குள் போன பிறகு ஏர்டேக் பேசாது. 2024 ஏப்ரலில் ஒன்ராறியோ மாகாணப் பொலிஸ், எல்லைச் சேவை முகவரகத்தோடு சேர்ந்து செய்த 'புரொஜெக்ட் வெக்டர்' நடவடிக்கையின் முடிவை அறிவித்தது. மொன்றியல் துறைமுகத்தில் முந்திய டிசம்பர் நடுப்பகுதி முதல் ஏறத்தாழ 400 கொள்கலன்களைத் திறந்து பார்த்து, 598 களவு வாகனங்களை மீட்டிருந்தார்கள். பெறுமதி 34.5 மில்லியன் டொலர். பெட்டியைத் திறக்க அதிகாரம் உள்ளவர்கள் செய்கிற வேலை அது. ஆகவே ஏர்டேக் காட்டிய ஒவ்வோர் இடத்தையும் நேரத்தோடு படமெடுத்து வைத்திருந்தால், இன்றைக்கே பொலிஸ் முறைப்பாட்டு இலக்கத்தைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். ஒன்பது நாள் ஆகிவிட்டதே என்று விடாதீர்கள்.

என்னுடைய காரும் 2023 ஜனவரியில் போனது. முன்னிரவு முழுக்கப் பனி கொட்டியது. விடியப் பார்த்தால் டிரைவ்வே எல்லாம் வெள்ளை, கார் நின்ற அளவுக்கு மட்டும் நடுவில் கறுப்பாக ஈரத் தார். அந்தக் கறுப்புக்கு முன்னால் என் கணவர் சாரத்தோடும் குளிர் ஜாக்கெட்டோடும் நின்று, திறப்பிலுள்ள பொத்தானை அமத்திக்கொண்டிருந்தார். ஒருதரம் அல்ல, நாலைந்து தரம். எங்கேயாவது ஒரு 'பீப்' கேட்காதா என்று. பிறகு ஒரு மாதமளவில், இரவில் தெருவால் எந்தக் கார் போனாலும் இருவரும் எழும்பி யன்னலடிக்குப் போவோம். அந்த ஒரு மாதம் நாங்கள் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துக் கதைக்கவும் இல்லை. 'நீ ஏன் கராஜுக்குள் விடவில்லை', 'நீ ஏன் கராஜ் முழுக்கச் சாமான் அடைந்து வைத்திருக்கிறாய்'. உங்கள் வீட்டில் நடப்பதும் அதுதான். களவெடுத்தவன் முன்னால் இல்லை, ஆகவே கோபம் வீட்டில் இருக்கிறவர் மேல் பாய்கிறது.

இனித் திறப்பு. தங்கச்சி, அத்தான் சொல்வதை மட்டும் செய்துவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். ஒன்ராறியோக் காப்புறுதிச் சட்டத்தின் 233ஆம் பிரிவின்படி, உரிமை கோரலில் தெரிந்துகொண்டே பொய் சொன்னால் இழப்பீடு பெறும் உரிமையே பறிபோகும். தொலைந்த திறப்பால் உங்கள் காசு போகாது, அதை மறைக்கச் சொல்லும் பொய்யால் போகும். கள்ளர் வீட்டுக்குள் வந்தார்கள் என்றால், எந்தக் கதவால், பூட்டு உடைந்ததா, வேறென்ன எடுத்தார்கள், ஏன் பொலிஸிடம் முதலில் சொல்லவில்லை என்று கேள்விகள் வரும். நீங்கள் முதல் நாள் பொலிஸுக்குச் சொன்ன பதிவும் அவர்கள் கையில் இருக்கும். என்னிடம் வந்த ஒருவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், நல்ல மனுசன், இப்படியொரு சின்னப் பொய் சொல்லி முழு இழப்பீட்டையும் இழந்தார். கார் உண்மையாகவே களவு போயிருந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது.

திறப்பை ஏன் கேட்கிறார்கள் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். கடன் கட்ட முடியாமல் காரைத் தாங்களே கொடுத்துவிட்டுக் 'களவு' என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே எல்லாரிடமும் கேட்கிறார்கள். உங்களைக் கள்ளர் என்று சொல்வதாக எடுக்காதீர்கள். இருக்கிற திறப்பைக் கொடுங்கள். மற்றது எந்த நாள், எங்கே, யார் கையில் தொலைந்தது என்று எழுதிக் கொடுங்கள். அன்றைக்கு அக்காவுக்கோ அம்மாவுக்கோ "திறப்பைத் துலைச்சுப்போட்டம்" என்று வாட்ஸ்அப் அனுப்பியிருப்பீர்கள், தேடிப் பாருங்கள். புதுத் திறப்புக்கு டீலரிடம் விலை கேட்டிருந்தால் அந்த மின்னஞ்சலும் உதவும். இந்தக் காலக் கள்ளருக்கு உங்கள் திறப்பே தேவையில்லை என்பது காப்புறுதிக்காரருக்கும் நன்றாகத் தெரியும்.

தவணையைக் கட்டுங்கள். கார் இல்லை என்றாலும் கடன் இருக்கிறது. ஒரு தவணை தவறினால் உங்கள் கிரெடிட் பதிவில் விழும், நாளைக்கு அடுத்த காருக்குக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். இழப்பீடு வரும்போது வங்கியின் மிச்சக் கடன்தான் முதலில் தீர்க்கப்படும், மீதி உங்களுக்கு. நீண்ட காலக் கடன் என்றால் மிச்சக் கடன் காரின் பெறுமதியைவிடக் கூடவாக இருக்கலாம். அங்கேதான் கனபேர் அடிபடுகிறார்கள். உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து 'ஓபிசிஎஃப் 43' என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அதில் சொன்ன காலத்துக்குள் கார் பழசானதற்கான பெறுமானத் தேய்வைக் கழிக்க மாட்டார்கள். 'ஓபிசிஎஃப் 20' இருந்தால் வாடகைக் காருக்குக் காசு உண்டு. அது இல்லாவிட்டாலும், களவுக்கான காப்புறுதி எடுத்திருந்தால், முழுக் காரும் களவு போனதை அறிவித்து 72 மணித்தியாலம் கழிந்தபின் ஓர் எல்லைக்குள் வாடகைச் செலவு தருவார்கள். கேட்டால்தான் சொல்வார்கள் என்று வைத்துக்கொண்டு, கேளுங்கள். ஒன்பது நாளாக மாமியை யாருடைய காரில் கூட்டிப் போகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். டயாலிசிஸ் நிலையத்தின் சமூகப் பணியாளரிடம், உடல் இயலாதோருக்கு வாசலுக்கே வரும் பேருந்துச் சேவைக்குப் படிவம் கேளுங்கள். கார் திரும்பி வந்தாலும் அது பயன்படும்.

மற்றவை சுருக்கமாக. 407 கட்டண நெடுஞ்சாலைக் கருவி காருக்குள் இருந்தால் உடனே அறிவியுங்கள், இல்லாவிட்டால் கள்ளனுடைய பயணத்துக்கும் உங்களுக்குப் பில் வரும். இலக்கத்தகடு போனதைச் சேர்விஸ் ஒன்ராறியோவுக்குச் சொல்லுங்கள். கராஜ் திறக்கும் ரிமோட் உள்ளே இருந்திருந்தால் இன்றைக்கே அதன் குறியீட்டை மாற்றுங்கள். இழப்பீடு முடியும்வரை கார்க் காப்புறுதியை நிறுத்த வேண்டாம். காருக்குள் இருந்த உடுப்பு, லாப்டொப் போன்றவை வீட்டுக் காப்புறுதியில்தான் வரும். அவற்றின் பெறுமதி நீங்கள் கட்டவேண்டிய முதல் தொகையைவிடக் குறைவென்றால் கேட்காமல் விடுவதே நல்லது.

கேள்வி: நான் மதுரையிலிருந்து வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வேலைக்குப் போக கார் இல்லாமல் முடியவில்லை. ஆன்லைனில் ஒருவர் 2022 ராவ்4 ஹைபிரிட்டை 19,000 டாலருக்குத் தருகிறேன் என்கிறார். ஊருக்குத் திரும்பிப் போகிறாராம், ரொக்கமாகத் தந்தால் இன்னும் குறைப்பாராம். வாங்கலாமா?
– மிசிசாகா வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. அந்த விலைக்கு அந்தக் கார் வராது. களவு போன கார் எல்லாமே கப்பல் ஏறுவதில்லை. சிலவற்றில் வாகன அடையாள இலக்கத்தை மாற்றி, வேறொரு நல்ல காரின் இலக்கத்தை ஒட்டி, இங்கேயே விற்கிறார்கள். உங்களைப் போலப் புதிதாக வந்தவர்கள்தான் அகப்படுகிறார்கள். பொலிஸார் கண்டுபிடித்தால் காரை எடுத்துப் போய்விடுவார்கள். உங்கள் 19,000 திரும்பாது, விற்றவரின் தொலைபேசியும் வேலை செய்யாது.

வேறு கார் பார்க்கும்போது, ஒன்ராறியோவில் தனியார் விற்பவர் பயன்படுத்திய வாகனத் தகவல் பொதியைத் தரவேண்டும் என்பது சட்டம். அதில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றா என்று பாருங்கள். முன்கண்ணாடிக்குக் கீழேயும் சாரதிக் கதவின் ஓரத்திலும் உள்ள வாகன அடையாள இலக்கம் ஒன்றாக இருக்கவேண்டும். கதவோர ஸ்டிக்கரை நகத்தால் தடவிப் பாருங்கள், விளிம்பு எழும்பியிருந்தால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். தேசியப் பொலிஸ் தகவல் நிலையத்தின் இணையப் பக்கத்தில் அந்த இலக்கம் களவுப் பட்டியலில் இருக்கிறதா என்று இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் ஒட்டிய இலக்கம் நல்ல காருடையது என்றால் அங்கே சுத்தமாகத்தான் காட்டும். ஆகவே காசு கொடுக்கமுன் டீலரின் சேர்விஸ் பகுதிக்குக் கொண்டுபோய், காரின் கணினியிலுள்ள இலக்கத்தையும் வாசித்துத் தரச் சொல்லுங்கள். அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கேள்வி: திறப்பை வாசல் கதவடியிலேயே வைத்தால் கள்ளர் வீட்டுக்குள் வராமல் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பொலிஸே சொன்னதாமே? மகளும் மருமகனும் இரவு வேலை. நானும் பேரப்பிள்ளைகளும் தனிய.
– மார்க்கம், வயது 74

பதில்: ஐயா, 2024இல் ரொறன்ரோவில் ஒரு மக்கள் சந்திப்பில் ஒரு பொலிஸ் அதிகாரி அப்படிச் சொன்னது உண்மை. பெரிய சர்ச்சையாகி, களவைத் தடுக்க வேறு வழிகள் இருக்கின்றன என்று பொலிஸ் சேவையே பிறகு விளக்கம் சொன்னது. கதவடியில் வைக்காதீர்கள். கதவுக்கு வெளியே அன்டெனா பிடித்து, உள்ளே இருக்கும் திறப்பின் சமிக்ஞையை இழுத்தெடுப்பது அவர்களுடைய பழைய வழி, அதற்குத்தான் வசதியாகப் போகும். திறப்பை மேல்மாடியில், அதற்கென்றே விற்கும் சமிக்ஞை மறைக்கும் உறையில் வையுங்கள். ரொயோட்டாவின் பல ஸ்மார்ட் திறப்புகளில் பூட்டும் பொத்தானை அமத்திப் பிடித்தபடி திறக்கும் பொத்தானை இரண்டு தரம் அமத்தினால், சின்ன விளக்கு நான்கு தரம் மின்னிவிட்டுத் திறப்பு தூங்கிவிடும்.

ஆனால் இப்போது வேறொரு வழியும் இருக்கிறது. முன்விளக்கின் வயரில் ஒரு கருவியை மாட்டி, 'சரியான திறப்பு வந்துவிட்டது' என்று காரின் கணினிக்குப் பொய்ச் செய்தி அனுப்புகிறார்கள். அதற்கு உறையும் உதவாது, திறப்பு தூங்குவதும் உதவாது. ஸ்டீயரிங்கில் போடும் இரும்புப் பூட்டு ஒன்று வாங்கச் சொல்லுங்கள். நிறம் பளிச்சென்று, வெளியிலிருந்தே தெரிகிற மாதிரி இருக்கட்டும். நேரம் எடுக்கும் காரை அவர்கள் விரும்புவதில்லை. நான் சிவப்பு நிறத்தில் ஒன்று போட்டிருக்கிறேன்.

சத்தம் கேட்டால் கீழே இறங்க வேண்டாம், கதவைத் திறக்க வேண்டாம். பிள்ளைகளோடு அறைக்குள் இருந்து 911 எடுங்கள். தமிழில் கதைக்க வேண்டும் என்றால் "டமில்" என்று ஒரு சொல் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். உள்ளே வந்தே விட்டால் கேட்கிற திறப்பைக் கொடுத்துவிடுங்கள்.

மருமகனை இந்தக் கிழமையே இரண்டாவது திறப்பு எங்கே இருக்கிறது என்று ஒருதரம் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.