புறாவால் பூட்டும் ஸ்பீக்கர் பெட்டியும்: கேட்டவர்களுக்குப் பதில்

பலா மரத்தில் நான் செய்த ஸ்பீக்கர் ஜோடியின் படத்தைப் பார்த்தவர்கள் பாதிப் பேர் கேட்டது மூலையில் தெரியும் புறாவால் பூட்டைப் பற்றித்தான். ஒரு பலகையின் முனையைப் புறா வால் மாதிரி விரிந்த பற்களாக வெட்டி, அடுத்த பலகையின் பற்களுக்கு நடுவே கோத்துப் பூட்டுவது அது. எங்கள் செங்கோட்டைப் பட்டறையில் அதை டவ்டெயில் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கேள்விகளைச் சேர்த்து, கேட்டவரின் ஊரை முன்னால் போட்டு, இங்கே பதில் எழுதுகிறேன்.

தென்காசி: அண்ணாச்சி, டவ்டெயில் போட்டால் சத்தம் கூடுதலாக நன்றாக இருக்குமா?

இல்லை தம்பி. அப்படிச் சொல்லி விற்பவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். பெட்டியால் சத்தம் கெடுகிறது என்றால், பெரும்பாலும் அகலமான பலகை நடுவில் அதிர்வதுதான் காரணம். மூலையை எப்படிப் பூட்டினாலும் அந்த அதிர்வு நிற்காது. பலகையின் கனத்தை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும், ஆனால் எடையும் ஏறும். பிபிசியின் ஆராய்ச்சித் துறை 1977இல் வெளியிட்ட ஒரு அறிக்கை வேறு வழி சொன்னது: பலகை மெல்லியதாகவே இருக்கட்டும், உள்பக்கம் அதிர்வைத் தின்னும் தார்ப்படலம் மாதிரி ஒன்றை ஒட்டு. அவர்களுடைய எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரின் பெட்டி 12 மி.மீ. பிர்ச் ப்ளைவுட்தான். அதில் டவ்டெயில் கிடையாது.

புனலூர்: சேட்டா, அப்புறம் எதற்கு இந்தப் பாடு? பசை போட்டு ஆணி அடித்தால் போதாதா?

ப்ளைவுட் என்றால் போதும். அசல் மரத்தில்தான் சிக்கல். பலகையின் வெட்டுமுனை பசையை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் பிடிப்பு இருக்காது. வால் வெட்டும்போது, நார் நீளவாக்கில் ஓடும் பக்கங்கள் ஒன்றோடொன்று உரசுகிற இடங்கள் நிறையக் கிடைக்கின்றன. பசை பிடிப்பது அங்கேதான். பசை கிழடு தட்டினாலும் ஒரு திசையில் பூட்டு விடாது. பற்களைச் சரிவில்லாமல் நேராக வெட்டிக் கோக்கும் விரல் பூட்டும் மோசமில்லை. ஃபெண்டர் கம்பெனி 1950களில் பைன் மரத்தில் அப்படித்தான் கிடார் ஆம்ப்ளிஃபையர் பெட்டி செய்தது.

கடையநல்லூர்: மர நாரை அழுத்திச் செய்கிற எம்டிஎஃப் பலகையில் வெட்டலாமா?

வெட்டலாம். தட்டிச் சேர்க்கும்போது ஏடு ஏடாகப் பிரியும். வேண்டாம்.

சித்தூர், பாலக்காடு: எங்கள் பக்கம் தை மாதக் காற்றில் கதவே பிளக்கிறது. ஸ்பீக்கர் பெட்டி தாங்குமா அண்ணா?

நல்ல கேள்வி. நான் சூடு பட்டுக் கற்றுக்கொண்டது இது. மரம் நீளவாக்கில் அசைவதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அகலவாக்கில்தான் சுருங்கும், விரியும். 300 மி.மீ. அகலத் தேக்குப் பலகையின் ஈரம் 4 சதவீதம் இறங்கினால் சுமார் 2 மி.மீ. போய்விடும். ஆண்டு வளையம் பலகை முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்ததென்றால் அதில் பாதிதான்.

எனது முதல் தேக்குப் பெட்டியை ஆடிச் சாரலில் செய்தேன். டவ்டெயில் எல்லாம் கச்சிதம், எனக்கே பெருமை தாங்கவில்லை. உள்ளே விறைப்புக்காக ஒரு ப்ளைவுட் தட்டை முன்னிருந்து பின்வரை முழுக்கப் பசை போட்டு ஒட்டினேன். மாசியில் ஒரு ராத்திரி படீரென்று சத்தம். பூனை எதையோ தள்ளிவிட்டது என்று திரும்பிப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் பக்கப் பலகையில் மேலிருந்து கீழாக ஒரு கீறல். தேக்கு சுருங்கப் பார்த்திருக்கிறது, ப்ளைவுட் விடவில்லை. டவ்டெயில் மட்டும் அப்படியே இருந்தது, அதுதான் எரிச்சல்.

அதனால் நாலு பக்கப் பலகையிலும் நார் பெட்டியைச் சுற்றி ஓட வேண்டும். அப்போது நாலும் ஆழவாக்கில் சேர்ந்தே சுருங்கும், மூலையில் சண்டை வராது. மேல்பலகை ஒரு மரம், பக்கம் வேறு மரம் என்று அழகு பார்த்தால் சண்டைதான். ஸ்பீக்கர் பொருத்தும் முன்பலகையை 18 மி.மீ. ப்ளைவுட்டில் வையுங்கள். அது பெட்டியின் நீளவாக்கைத்தான் தொடுகிறது, அங்கே மரம் அசையாது. உள்விறைப்புக்கு முழுத் தட்டு வேண்டாம். முன்பலகைக்கு இணையாக, சன்னல் மாதிரி 40 மி.மீ. அகலச் சட்டம் போதும். பலகையைப் பட்டறையிலேயே சில வாரம் அடுக்கிக் காயவிட்டு அப்புறம் உளியை எடுங்கள்.

ஆரியங்காவு: வால் எந்தப் பலகையில், ஊசி எந்தப் பலகையில்?

வால் பக்கப் பலகையில். வால்களுக்கு நடுவே போய் உட்காரும் பற்கள்தான் ஊசி, அவை மேல்பலகையிலும் அடிப்பலகையிலும். அப்போதுதான் தூக்கும்போது அடிப்பலகை கழன்று விழாது. வாலின் பக்கச் சரிவு கடின மரத்துக்கு 8க்கு 1, மெது மரத்துக்கு 6க்கு 1. பலாவுக்கு நான் 7க்கு 1 போடுகிறேன். அதற்குக் காரணமெல்லாம் கிடையாது, கண்ணுக்குப் பிடித்திருக்கிறது.

தென்மலை: எந்த மரம் நல்லது?

தேக்கு உளியைத் தின்னும், அதில் சிலிக்கா இருக்கிறது. எண்ணெய்ப் பசையும் உண்டு. ஒட்டும் முன் அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்துவிட்டு உடனே ஒட்டுங்கள். பலா எனக்குச் செல்லம். முதலில் மஞ்சளாகக் கண்ணைக் குத்தும், வெளிச்சம் பட்டுப் பட்டுத் தேன் நிறத்துக்கு வரும். ஆஞ்சிலி உங்கள் கேரளத்துப் போட்டிப் படகான சுண்டன் வள்ளத்துக்கே ஆகிற மரம், பெட்டிக்கு ஆகாதா? ரப்பர் மரம் மலிவு. மருந்தேற்றிய பலகை என்றால் மட்டும் வாங்குங்கள், இல்லாவிட்டால் வண்டு உங்களுக்கு முன்னால் குடியேறிவிடும். எதை வாங்கினாலும் ரசீதை வண்டியில் வையுங்கள். கேரள எல்லையில் புளியரைச் சாவடியில் கேட்பார்கள்.

சுரண்டை: முன்பலகை உட்கார விளிம்பில் படி வெட்டினேன் அண்ணே. மூலையில் வெளியே ஓட்டை தெரிகிறது.

தங்கச்சி, எல்லோரும் ஒரு தடவை இதில் விழுவோம். படி வெட்டும் அகலமும் முதல் பூட்டின் அகலமும் ஒத்துப்போகாததால் வருவது. அடுத்த முறை முன் விளிம்பில் மட்டும் டவ்டெயிலை நிறுத்தி, 45 டிகிரி சாய்வெட்டாக முடியுங்கள். படி அதற்குள் மறைந்துவிடும், முன்னால் பார்க்கப் படச்சட்டம் மாதிரியும் இருக்கும். இப்போது இருக்கும் ஓட்டைக்கு அதே பலகையின் துண்டை, நார் ஓட்டம் பார்த்துச் சீவி அடையுங்கள். மரத்தூளும் பசையும் பிசைந்து அப்ப வேண்டாம், பாலிஷ் போட்டதும் கறுத்துக் காட்டிக்கொடுக்கும்.

தென்காசி (மறுபடியும்): கையால் வெட்டினால் இடுக்கு விழுகிறது. காற்று கசியாதா?

கசியும். இடுக்கு தலைமயிர் அளவானால் பசையே அடைத்துவிடும். காற்றுத் துளை வைக்காத மூடிய பெட்டி என்றால் ஸ்பீக்கரின் கோனை, அதாவது முன்னால் அதிரும் கூம்பை, மெல்ல உள்ளே அழுத்தி விடுங்கள். தயங்கித் தயங்கித் திரும்பினால் பெட்டி இறுக்கம். சட்டென்று திரும்பினால் எங்கோ ஓட்டை. இடத்தைக் கண்டுபிடிக்க, போனிலிருந்து 40 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஊதுபத்தியை மூலை மூலையாகக் கொண்டுபோங்கள். புகை நேராகப் போனால் அந்த மூலை சரி. துடித்தால் அங்கே உள்பக்கமாகப் பசை ஓட்டுங்கள்.